நியூயார்க் சந்தையும் நம்மூர்ப் பருத்தியும்

"நியூயார்க்கில் விலை இறங்கிவிட்டதாம்." பருத்தி மூட்டையோடு வரும் விவசாயி அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கடல் கடந்த ஊரின் விலை, நம் காட்டில் விளைந்த பருத்தியை ஏன் பாதிக்கிறது? இதைத் தெரிந்துகொண்டால் விலை பேசும்போது ஏமாற வேண்டியதில்லை.

சந்தை பிறந்த கதை

நியூயார்க் நகரின் வால் தெருவில் 1792-ல் 24 தரகர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு பங்குப் பத்திர வியாபாரத்தைத் தொடங்கினர். அதுவே நியூயார்க் பங்குச் சந்தையின் தொடக்கம். பருத்திக்கெனத் தனிச் சந்தை அதே நகரில் 1870-ல் ஏற்பட்டது. இன்று இவ்விரு வியாபாரமும் ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளன.

பங்குச் சந்தையில் கம்பெனிகளின் பங்குகள் கைமாறுகின்றன. பருத்திச் சந்தையிலோ பின்னால் வரும் மாதத்திற்கான விலை பேசப்படுகிறது. இதுவே முன்பேர வணிகம். மார்ச்சில் பஞ்சு தேவைப்படும் மில்காரர் அக்டோபரிலேயே விலையை உறுதி செய்துகொள்ளலாம். விலை ஏறும் என்று நினைப்பவர் வாங்குவார். இறங்கும் என்று நினைப்பவர் விற்பார். ஓர் ஒப்பந்தம் 50,000 பவுண்டு, அதாவது சுமார் 22,680 கிலோ பஞ்சுக்கானது. முழுப் பணமும் கட்ட வேண்டாம். ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டினால் போதும். லாப நஷ்டம் அன்றன்றே கணக்குத் தீர்க்கப்படும். பெரும்பாலோர் சரக்கைக் கண்ணால் பார்க்காமலேயே, தவணைக்கு முன் கணக்கை முடித்துக்கொள்வர்.

ஏற்றமும் இறக்கமும்

1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அங்கிருந்து பஞ்சு வராததால், இங்கிலாந்து மில்கள் இந்தியப் பஞ்சைத் தேடின. விலை எகிறியது. பம்பாயில் பங்கு வாங்கும் மோகம் தலைவிரித்து ஆடியது. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் திவாலாயினர்.

2011 மார்ச்சில் நியூயார்க்கில் பஞ்சு பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு முடிவதற்குள் 1 டாலருக்குக் கீழே இறங்கியது. 2022 மே மாதம் நம் நாட்டில் ஒரு கண்டி (356 கிலோ) பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை உயர்வைக் கண்டித்து திருப்பூர் பனியன் கம்பெனிகள் இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தின. அந்த விலையும் நிலைக்கவில்லை.

விவசாயி போட வேண்டிய கணக்கு

நியூயார்க் விலை பஞ்சுக்கு உரியது. கொட்டையோடு கூடிய பருத்திக்கு அன்று. 100 கிலோ பருத்தியை அரைத்தால் சுமார் 34 கிலோ பஞ்சு கிடைக்கும். உதாரணமாக, கண்டி 60,000 ரூபாய் என்றால் பஞ்சு கிலோ சுமார் 168 ரூபாய். குவிண்டால் பருத்தியில் பஞ்சின் மதிப்பு மட்டும் சுமார் 5,700 ரூபாய். இதோடு பருத்திக்கொட்டை விலையைக் கூட்டி, அரவைக் கூலி, வண்டிச் செலவு, வியாபாரியின் நியாயமான லாபம் ஆகியவற்றைக் கழித்தால் கிடைக்கவேண்டிய விலை தெரிந்துவிடும். டாலர் மதிப்பு ஏறினால், நியூயார்க்கில் விலை சற்று இறங்கினாலும் ரூபாய்க் கணக்கில் இறங்காமல் இருக்கலாம்.

வாய்ப்பேச்சு விலையை நம்பாமல் பொது ஏலத்தை நாடுவதே நல்லது. 1933-ம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் பருத்திக்காகத் திருப்பூரில்தான் தொடங்கப்பட்டது. இன்றும் மூலனூர் விற்பனைக்கூடத்திலும் அவிநாசி கூட்டுறவு விற்பனைச் சங்கத்திலும் பருத்தி ஏலம் நடைபெறுகிறது. பருத்தியை நன்கு உலர்த்தி, கொட்டுப் பருத்தியைத் தனியே பிரித்துக் கொண்டுசென்றால் கூடுதல் விலை கிடைக்கும். நியூயார்க் விலை நம் கையில் இல்லை. தரமும் கணக்கும் நம் கையில் உள்ளன.