கையசைவு விளையாட்டும் கைக்காசும்

சென்ற நவராத்திரியில் ஒரு மாலை, எங்கள் டோம்பிவிலி வீட்டுக் கூடத்தில் விந்தையொன்று நிகழ்ந்தது. துபாயிலிருந்து உறவினர் கொணர்ந்து தந்த பழைய ‘நின்டெண்டோ வீ’ கருவியில் பந்துருட்டும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். திரையிலிருந்த கைச்சின்னம் திடீரென்று அங்குமிங்கும் தாவிற்று. கருவி பழுதாகிவிட்டதென்றே எண்ணினோம். உண்மைக் காரணம், தொலைக்காட்சிக்கு அருகே கொலுவில் எரிந்த இரு குத்துவிளக்குகள்!

2006 நவம்பரில் வெளிவந்த அக்கருவியில், தொலைக்காட்சியின் கீழ் வைக்கப்படும் பட்டை எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே உள்ளன. கேமரா இருப்பது நம் கையிலுள்ள ரிமோட்டில். அவ்விரு ஒளிகளைக் கண்டு, கை எங்கே சுட்டுகிறது என்று அது கணிக்கிறது. திரிச்சுடரும் அகச்சிவப்பு ஒளியை உமிழ்வதால் குழப்பம். கைவீச்சை அளப்பது வேறோர் உறுப்பு: நுண்ணிய வில்களில் தொங்கும் சிலிக்கான் துணுக்கு. கை வீசும்போது அது சற்றே இடம்பெயர, அம்மாற்றம் மின்குறிப்பாகப் பதிவாகிறது. 2017இல் வந்த ‘ஸ்விட்ச்’ கருவிக்குப் பட்டையே தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் ‘கினெக்ட்’ (2010) கையில் எதையும் பிடிக்கச் சொல்லாது. ஆயினும் இருவர் ஆட எட்டடி தொலைவு கேட்கும். டோம்பிவிலியின் ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் எட்டடிக்கு எங்கே போவது?

பொத்தான்களை மனப்பாடம் செய்ய வேண்டாததால்தான் முதியோரும் இதில் சேர முடிகிறது. “எனக்கெதற்கு இதெல்லாம்” என்று ஒதுங்கிய எங்கள் அம்மா, இப்போது வங்கிக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளை எண்ணிக் காத்திருக்கிறார். மற்ற நாட்களில் விரைவு ரயில் எங்களை வீடு சேர்ப்பதற்குள் அவர் உறங்கிவிடுகிறார். பிள்ளைகள் அவரவர் கைப்பேசியில் மூழ்கிவிடுகின்றனர். நால்வரும் ஒரே திரையைப் பார்த்துச் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

தீபாவளியன்று வந்த உறவினர் பையன் வீசிய வீச்சில் ரிமோட் நழுவித் தொலைக்காட்சித் திரை விரிசல் கண்டது. மணிக்கட்டு வாரை யாரும் மாட்டியிருக்கவில்லை. (2006 டிசம்பரிலேயே நின்டெண்டோ சுமார் 32 லட்சம் வார்களை உறுதியானவையாக மாற்றித் தர நேர்ந்தது.) உத்தரவாதம் உற்பத்திக் குறைகளுக்கே பொருந்தும், இத்தகைய சேதத்திற்குப் பொருந்தாது. வீட்டுக் காப்பீடு வைத்திருப்போர், விபத்தால் நேரும் மின்சாதனச் சேதம் அதில் அடங்குமா என்று இன்றே பார்த்துவிடுவது நன்று. நாங்கள் பார்த்திருக்கவில்லை, வங்கியில் பணிபுரிந்தும்!

புதிய கருவி வாங்க எண்ணுவோர் ‘வட்டியில்லாத் தவணை’ விளம்பரத்தைக் கண்டு மயங்குவதுண்டு. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே இத்தகைய திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. கடன் அட்டைத் தவணையில் வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாக ஈடுசெய்தாலும், வட்டிமீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நம் தலையில்தான். 30,000 ரூபாய்ப் பொருளுக்கு வட்டி 1,800 ரூபாய் எனில் வரி 324 ரூபாய். பரிசீலனைக் கட்டணம் தனி. ரொக்கத்திற்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடியும் கைவிட்டுப் போகலாம். பழைய கருவியை அமெரிக்காவிலிருந்து தருவிப்போர், வீயின் அந்நாட்டு மின்னிணைப்பு 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரியது என்பதையும் நினைவிற்கொள்க.

இணையத்தில் பழைய கருவி வாங்கும்போதும் விற்கும்போதும் ஒன்றை மறவாதீர்: பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாற நேர்ந்தால் தாமதமின்றி 1930 எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

ஆட்டங்களின் சந்தாவுக்கு ஒருமுறை அனுமதி தந்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொகை ஓடிபி இன்றியே ஒவ்வொரு முறையும் பற்று வைக்கப்படும். ஆனால் 24 மணி நேரத்திற்கு முன்பே அறிவிப்பு வரும். அதிலேயே நிறுத்தும் வழியும் தரப்பட்டிருக்கும். எங்களுக்கு அவ்வறிவிப்பு வந்த வேளையில் ரயிலிலிருந்து இறங்குவதற்காகக் கதவருகே நெருக்கியடித்து நின்றிருந்தோம். மறுநாள் ஓராண்டுச் சந்தா கணக்கிலிருந்து போயிருந்தது.