பனி மச்சைத் துளைக்குமா?

தை மாதத்து விடியற்காலையில் மதுரையை ஒட்டிய ஒத்தக்கடைத் தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட், தண்ணீர் தெளித்ததுபோல் நனைந்திருக்கும். பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நிற்கும் பைக்கின் சீட் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். இரண்டுக்கும் காற்று ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். ஒன்று மட்டும் ஏன் நனைந்தது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், பனிக்காலத்துக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

பனி கொட்டுகிறது என்கிறோம். உண்மையில் அது மேலிருந்து விழுவதில்லை. பகலில் வெயிலை வாங்கிய ஒவ்வொரு பொருளும் இரவில் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் நின்று வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிந்திருந்தால் போனது போனதுதான். இப்படி வெப்பத்தை இழந்த சீட், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். தாங்க முடியாத மிச்சம், குளிர்ந்த பரப்பில் துளியாகப் படிகிறது. வேப்பமரம் வானத்தை மறைத்ததால் அதனடியில் நின்ற சீட் அவ்வளவு குளிரவில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் திறந்த வெளியிலும் பலகைக்கு அடியிலும் கம்பளிப் பஞ்சை வைத்து எடைபோட்டுப் பார்த்து, 1814-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்.

நம் ஊர்ப் பழமொழி இதை வேறு வழியில் சொல்கிறது: தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் இரவு வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. மழை ஓய்ந்து வானம் வெளுக்க வெளுக்க, கூரை இழக்கும் வெப்பம் கூடுகிறது. மாசியில் பகல் வெயில் ஏறினாலும், பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது. மச்சைத் துளைப்பது துளி நீரல்ல. மச்சு வழியாக வீட்டின் வெப்பம் வெளியே போவதையே அது குறிப்பதாகக் கொள்ளலாம்.

மதுரையில் பனிக்காலத்துக்கு வீட்டை ஒழுங்குசெய்வது புதிதும் அல்ல. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றி நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, கூதிர்கால நகரத்தை நுணுக்கமாகக் காட்டுகிறது. கோடையில் தென்றல் வந்த மாடிச் சன்னல்கள் தாழிடப்பட்டிருக்கின்றன. விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டு, சிலந்தி நூல் படிந்து கிடக்கின்றன. அகன்ற வாயுள்ள தடவில், அதாவது கணப்புச் சட்டியில், நெருப்புக் கனல்கிறது.

அந்தக் கணப்புச் சட்டியை மட்டும் இன்றைய வீட்டுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது. கதவு, சன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரிக்கங்கு வைத்தால், அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தெரியாமலேயே உயிர் போய்விடும். விடிய விடியக் கொசுவர்த்திச் சுருள் புகையும் அறைக்கும் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் கூரையைப் பாருங்கள். கான்கிரீட், கீற்றைவிடச் சுமார் 20 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். தகரக் கூரையின் நிலை இன்னும் மோசம். விடியற்காலையில் அது குளிர்ந்து, வீட்டார் மூச்சுவிடும் ஈரமே அடிப்புறத்தில் துளியாகிப் படுக்கையில் சொட்டும். கோடைக்காக மாடியில் போட்ட கீற்றுப் பந்தலை மழை முடிந்ததும் பிரித்துவிடாதீர்கள். வேப்பமரம் பைக்குக்குச் செய்ததை அது வீட்டுக்குச் செய்யும். பந்தல் இல்லையென்றால், கூரைக்கு ஒரு சாண் கீழே துணியோ பாயோ இழுத்துக் கட்டினாலும் இடையில் நிற்கும் காற்று காப்பாக இருக்கும்.

அடுத்தது சுவர். மதுரைச் சமவெளியில் சனவரி இரவுகளிலும் வெப்பநிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகவே நம் வீடுகளுக்குக் குளிரைவிட ஈரமே பெரிய எதிரி. மழையில் ஊறிய சுவர் காயாமல் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். இழுப்பு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. ஐப்பசிக்கு முன்பே மாடி விரிசலை அடைத்துவிடுங்கள். பீரோவையும் அரிசி மூட்டையையும் வெளிச்சுவரை விட்டு நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். போகிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கத்தில் நல்ல வேதியியல் இருக்கிறது. சுண்ணாம்பின் கடுமையான காரத்தன்மையில் பூஞ்சை வளராது. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறுகினாலும், சுவரின் ஈரம் ஆவியாகி வெளியேற வழிவிடும். ஈரச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்ட நீர் அதைக் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

மூன்றாவது வெயில். மார்கழியில் மதுரையின் நண்பகல் சூரியன் உச்சிக்கு வராது. தென்வானில் சுமார் 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்குச் சன்னல் வழியே வீட்டுக்குள் வெயில் நுழையும். காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை அந்தச் சன்னலைத் திறந்து வையுங்கள். தலையணை, போர்வைகளை மாடியில் உலர்த்துங்கள். இரவில் வாடை வரும் வடக்கு, கிழக்குச் சன்னல்களைச் சாத்தலாம். எதிர்ப்புறத்தில் ஒரு வென்டிலேட்டராவது திறந்திருக்கட்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. பகலில் வீட்டைத் திறந்து உலர்த்துங்கள். இரவில் கூரைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு வையுங்கள். வீட்டிலுள்ள முதியவரும் பச்சிளங்குழந்தையும் தை, மாசி இரவுகளை நிம்மதியாகத் தூங்கிக் கழிக்க அது போதும்.