பள்ளிக் கணிப்பொறியில் எந்தத் தண்டவாளம் நிலைக்கும்?

“இங்கே படித்ததை வைத்துக்கொண்டு பொள்ளாச்சியில் பிழைக்க முடியுமா?” கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ் வழியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கேரள அரசுப் பள்ளியில் கணிப்பொறியைத் திறந்தால் விண்டோஸ் வராது, லினக்ஸ்தான் வரும். எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதிலேதான். என் அக்காள் மகள் பிளஸ் டூ முடித்து, எல்லைக்கு அப்பால் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை கேட்கப் போனாள். விண்டோஸைத் தட்டத் தெரியாமல் விழித்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தாள்.

லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கிய இயங்குதளம் அது. அதன் வழியில் பல பிறந்தன: பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி., சன் கம்பெனியின் சோலாரிஸ், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ். அன்று முதிர்ந்த சரக்கு பெர்க்லியுடையதுதான். ஆனால் 1992-ல் யூனிக்ஸ் உரிமையாளர் அதன்மேல் வழக்குப் போட, 1994-ல்தான் சமரசமாயிற்று. அதற்குள் லினக்ஸ் முந்திக்கொண்டது. சோலாரிஸ் 2010-ல் சன் கம்பெனியோடு ஆரக்கிள் கைக்குப் போக, அதன் திறந்த பதிப்பு அந்த ஆண்டே நிறுத்தப்பட்டது.

மூணாறுக்கு மேலே டாப் ஸ்டேஷன் இருக்கிறது. பெயரில்தான் ஸ்டேஷன், 1924 வெள்ளத்தில் போன ரயில் திரும்பவில்லை. ரயில்வே ஊழியனுக்கு இந்த உவமைதான் வருகிறது, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸுக்குள்ளேயும் போட்டி உண்டு. கேரளப் பள்ளிகள் முதலில் டெபியன் வகையை வைத்திருந்து, பிறகு உபுண்டுவுக்கு மாறின. இப்போது ‘கைட்’ நிறுவனம் அதில் தமிழ் உள்ளிட்ட மொழிகளையும் பாட மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஆனால் உபுண்டு ஒரு தனியார் கம்பெனியின் தயாரிப்பு. ஒரு நீண்டகாலப் பதிப்புக்குச் சாதாரண ஆதரவு ஐந்தாண்டு, 22.04 பதிப்புக்கு அது 2027-ல் முடிகிறது. கம்பெனிகள் மனம் மாறுவதும் உண்டு. ரெட் ஹாட் 2020 டிசம்பரில் அறிவித்தபடி, 2029 வரை வரவேண்டிய சென்ட் ஓ.எஸ். 8-ன் ஆதரவு 2021-லேயே முடிந்தது. அதை நம்பியிருந்தவர்கள் அல்மா, ராக்கி என்ற புதிய வகைகளுக்கு ஓடினார்கள். டெபியனோ 1993 முதல் தன்னார்வத் தொண்டர்களால் நடக்கிறது. நீண்டநாள் ஓடப்போவது அதுவே என்பது என் கணிப்பு.

அந்த டெபியனிலிருந்து வந்ததுதான் சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதையும் போட்டுக் கொடுத்தார்கள். நான் பார்த்த வீடுகளில் பாஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கேரளத்தில் பாடமும் தேர்வும் லினக்ஸில் இருப்பதால் பிள்ளைகள் அதைத் தொட்டே ஆகவேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான்.

பி.எஸ்.டி. செத்துவிடவில்லை. பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டி அதன் வழிவந்த ஃப்ரீ பி.எஸ்.டி.யில்தான் ஓடுகிறது. பள்ளி மேசைக்கு மட்டும் அது வரப்போவதில்லை.

சரி, பெற்றோரின் கேள்விக்கு என்ன பதில்? பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை 2015-ல் அகலப்பாதையாகத் திறந்தபோது, மீட்டர் கேஜில் வேலை பார்த்தவர்கள் தொழிலை மறந்துவிடவில்லை. அக்காள் மகளும் இரண்டே வாரத்தில் விண்டோஸைப் பழகிவிட்டாள். இடித்தது டாலி ஒன்றுதான். கணக்கு அலுவலகங்கள் கேட்பது அதைத்தான். அது லினக்ஸில் நேராக ஓடாது. அதற்கு இப்போது பொள்ளாச்சியில் வகுப்புக்குப் போகிறாள்.

அவளைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்திலும் தலைவலி வந்திருக்கிறதாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய பெட்டிகளில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். புதிதாக வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்று முதலாளி கையைப் பிசைகிறாராம்.