காற்றில் எவ்வளவு, மூச்சில் எவ்வளவு?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கப்பலில் வரும் திரவ அம்மோனியாவைக் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கொண்டுபோகும் குழாய் அது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயிலருகே காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகவும், 400 வரைதான் இருக்கலாம் என்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. செய்திகளில் வந்த ‘ஐந்து மடங்கு’ என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். அந்த எண் சொல்வது கான்சென்ட்ரேஷன்: ஓரிடத்தில், ஒரு நேரத்தில், காற்றில் கலந்திருந்த அளவு. அந்தக் காற்றை யார், எவ்வளவு நேரம் சுவாசித்தார் என்பது எக்ஸ்போஷர். முன்னதை அளந்துவிட்டுப் பின்னதையும் அளந்துவிட்டதாக நினைப்பதில்தான் சிக்கல்.

400 என்பது 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர வரம்பு. அதுவும் 24 மணி நேரச் சராசரிக்கு. கசிவையொட்டி எடுத்த ஓர் அளவை நாள் முழுவதின் சராசரியோடு ஒப்பிடுவது பொருந்தாது. 2,090 மைக்ரோகிராம் என்றால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு. தொழிலாளர்கள் ஒரு ஷிஃப்ட் முழுக்க 25 பங்கு வரை தாங்கலாம் என்கிறது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ். அப்படியானால் ஆபத்தே இல்லையே என்று ஆலைத் தரப்பு வாதாடலாம். ஆனால் அந்த 25, உடல்நலமுள்ள, வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு வகுத்தது. கைக்குழந்தைக்கோ ஆஸ்துமா நோயாளிக்கோ அல்ல. அதைவிட முக்கியம், 3 பங்குக்கு இத்தனை பேர் மருத்துவமனைக்குப் போயிருக்க மாட்டார்கள். கருவி வருவதற்கு முன்பே, கசிந்த கடற்கரைப் பக்கமே, இதைவிடப் பன்மடங்கு அவர்கள் சுவாசித்திருக்க வேண்டும் என்றுதான் ஊகிக்க முடிகிறது. ஐந்து மடங்கு என்ற தலைப்புச் செய்தி ஒரு விதத்தில் மிகை, இன்னொரு விதத்தில் பெருங்குறை.

ஊரில் ஒவ்வொருவர் மூக்கிலும் கருவி மாட்டவா முடியும் என்று கேட்கலாம். மாட்ட வேண்டியதில்லை. குப்பங்களுக்குள்ளேயே நிமிடத்துக்கு நிமிடம் பதிவுசெய்யும் கருவிகள், அன்றைய காற்றின் திசை, எந்தத் தெரு எத்தனை மணிக்குக் காலியானது என்ற விவரம், மருத்துவமனைப் பதிவேடு ஆகியவற்றைச் சேர்த்தால் பெரும்பாலும் கணக்கிட்டுவிடலாம். ஆலை விதியை மீறியதா என்று பார்க்கக் கான்சென்ட்ரேஷன் போதும். அதில் வாரியத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாருடைய நுரையீரலைச் சில ஆண்டுகளுக்காவது தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்று வரும்போது, ஆலை வாயிலில் எடுத்த எண்ணுக்குப் பெரியகுப்பத்தின் ஒரு வீட்டைக்கூடக் காட்டத் தெரியாது.