வரப்பு ஆவாரையும் கத்தரிக் காய்ப்பும்



பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் தேடிப் போறோம். மற்ற நாளில் அதையே வேண்டாத செடி என்று வரப்பிலிருந்து வெட்டி எறியறோம். பொட்டிபுரம், போடி பக்கத்துக் கரட்டிலும் ரோட்டோரத்திலும் தானா வளர்ற இந்தச் செடி நம்ம கத்தரி, தக்காளிக்கு எப்படி உதவுது என்று பார்ப்போம்.

ஆவாரை, துவரை, அவரை எல்லாம் ஒரே குடும்பம். தட்டையான காயைப் பார்த்தாலே தெரியும். ஒருமுறை வேர் பிடித்தால் பல வருசம் நிற்கும்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் சின்னக் குழல் மாதிரி பைக்குள் இருக்கு. நுனியில் உள்ள துளை வழியாத்தான் வெளியே வரும். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து 'ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும். உப்பு டப்பாவைக் குலுக்கினது போல மகரந்தம் கொட்டும்.

கத்தரி, தக்காளிப் பூவும் இதே அமைப்புதான். காற்று ஆட்டினாலும் கொஞ்சம் காய்க்கும். வண்டு வந்தால் காய்ப்பு கூடும். மலையில் ஏலப்பூ காயாகத் தேனீ வேணும் என்று தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் தேனீக்கு இப்படி அதிர வைக்கத் தெரியாது. அதனால் கத்தரிக்குக் கருவண்டுதான் நல்ல துணை.

கத்தரிச் செடியைப் பிடுங்கின பிறகு அந்த வண்டு எதைத் தின்னும்? பல மாதம் பூக்கிற ஆவாரை வரப்பில் இருந்தால் வண்டு நம்ம பக்கமே தங்கும். வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளும் இதன் இலையில் முட்டை இடும். பச்சைப் புழு இலையைத் தின்றால் மருந்து அடிக்க வேண்டாம். செடி திரும்பத் துளிர்த்துவிடும்.

வளர்ப்பது எப்படி?

1. காய்ந்து பழுப்பான காயைப் பறித்து விதை எடுங்கள்.

2. விதைத்தோல் கெட்டி. அடுப்பிலிருந்து இறக்கிய சுடுதண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். உப்பின விதையை மட்டும் ஊன்றுங்கள்.

3. ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் வரப்பு ஓரம், வேலி ஓரம் ஊன்றலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. ஆடு, மாடு அதிகம் கடிக்காது.

4. கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும். வேலியில் பட்ட கிளை ஒன்றிரண்டை விட்டு வையுங்கள். சீண்டாவிட்டால் அது நம்மைக் கொட்டாது.

5. கத்தரிக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் சாயங்காலம் அடியுங்கள். பூவுக்கு வண்டு வருவது காலையில்.

பூவைக் காயவைத்து விற்கிற சகோதரிகளும் உண்டு. அந்த வருமானம் வேண்டியதுதான். ஆனால் ஒரு செடியில் உள்ள பூ அத்தனையையும் பறித்துவிட்டால் வண்டுக்கு இரையும் இல்லை, அடுத்த வருசத்துக்கு விதையும் இல்லை. பாதியைப் பறிப்போம், பாதியை விடுவோம். கிளையை ஒடிக்காமல் பறிப்போம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி விதை கொண்டு வாருங்கள். யார் வரப்பில் எத்தனை ஊன்றுவது என்று பேசித் தீர்மானமாக எழுதி வைப்போம்.