வடிப்பதா, வற்ற வைப்பதா?

பிரியாணியைப் பற்றி வாக்குவாதம் வந்தால் பேச்சு உடனே மசாலாவுக்குப் போய்விடும். ஏலக்காய் தூக்கலா, மிளகாய் தூக்கலா, இன்ன கடைக்காரர் ஒளித்து வைத்திருக்கும் பொடி என்ன என்று. தேக்சா என்ற பெரிய பாத்திரத்தின் பக்கத்தில் கரண்டியோடு நிற்கும் மாஸ்டருக்கு அதெல்லாம் இரண்டாவது கவலை. அவருடைய முதல் கணக்கு தண்ணீர். அரிசியைத் தனியாக வேகவைத்து, கஞ்சியை வடித்துவிட்டுக் கறியின் மேல் கொட்டுவதா? அல்லது கறி கொதிக்கும் சாற்றிலேயே அரிசியைப் போட்டு அளவாக வற்ற வைப்பதா? தமிழ்நாட்டின் இரண்டு பெரிய பிரியாணி ஊர்கள் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாக விடை சொல்லியிருக்கின்றன. ஆம்பூர் வடிக்கிறது, திண்டுக்கல் வற்ற வைக்கிறது. மற்ற வித்தியாசங்களில் பாதி இதன் பின்னால் வந்தவைதான்.

ஆம்பூர், ஆற்காடு நவாபுகளின் ஆளுகைக்குள் இருந்த ஊர். 1749இல் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்ட போர் நடந்ததும் இங்கேதான். நவாபுகளின் அரண்மனைச் சமையற்காரர்களிடமிருந்து பிரியாணிப் பக்குவம் ஊருக்குள் வந்தது என்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வழிவழியாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பக்கத்தில் அரண்மனை இருந்ததால் மட்டும் ஒரு பண்டம் ஊர்ப்பண்டம் ஆகிவிடாது. அதைத் தினமும் வாங்கித் தின்ன ஊரில் காசும் பசியும் வேண்டும். இரண்டையும் கொடுத்தது தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பக்கம் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. தமிழும் உருதும் பேசும் முஸ்லிம் வணிகர்கள் அதை நடத்தினார்கள். தோல் ஷாப்பிலும் பிறகு ஷூ கம்பெனியிலும் உடம்பை முறித்து வேலை செய்தவர்களுக்கு மதியம் கனமான சோறு தேவைப்பட்டது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் ஊரைத் தொட்டுக்கொண்டே போகிறது. லாரிக்காரர்களும் பஸ் பயணிகளும் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் ஆம்பூரின் பெயரை இரு பக்கமும் பரப்பினார்கள்.

அந்த உழைப்பாளிகள் அதிகம் சாப்பிட்டது மாட்டுக்கறி பிரியாணி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டுக்கறியை விட விலை குறைவு, ருசியில் குறைவில்லை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று தெரிந்ததும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஊரின் பெயரைச் சொல்லி விழா எடுக்கும்போது அந்த ஊர் உண்மையில் என்ன சாப்பிடுகிறது என்பதை ஒதுக்கி வைத்துவிட முடியாது.

ஆம்பூர்ப் பக்குவத்தில் மிளகாய்த்தூளுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேர்க்கிறார்கள். தயிர், தக்காளி, புதினா, கொத்தமல்லியோடு கறி முழுதாக வெந்து, எண்ணெய் பிரிந்து நிற்கும். பக்கத்து அடுப்பில் இன்னொரு பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கும். ஊறிய சீரகச் சம்பா அரிசி அதில் இறங்கிச் சில நிமிஷங்களில் முக்கால் பதம் வந்துவிடும். விரலால் நசுக்கினால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்ச வேண்டும். அந்தக் கணத்தில் வடித்துக் கறியின் மேல் போட்டு, மூடி, தம் போடுகிறார்கள்.

வடிக்கும்போது என்ன நடக்கிறது? அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. தண்ணீரின் சூடு ஏறக்குறைய 65 முதல் 75 பாகை செல்சியஸைத் தொடும்போது அந்த மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. உப்பும்போது கொஞ்சம் மாவு வெளியே கசிகிறது. கஞ்சியின் கொழகொழப்பு அதுதான். அது பாத்திரத்திலேயே தங்கினால் ஆறும்போது பருக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். வடித்துவிட்டால் ஒட்டும் பசையில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது, பருக்கை உதிரியாக நிற்கிறது. அரிசி மசாலாவோடு கொதிக்காததால் காரமும் நெய்யும் அதற்குள் மிதமாகத்தான் ஏறுகின்றன. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால் வயிறு கனக்காது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். சோறு இப்படி மிதமாக இருப்பதால் தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டியிருக்கிறது. புளி சேர்த்த கத்திரிக்காய்த் தொக்கு அங்கேதான் வந்து உட்காருகிறது. கத்திரிக்காய் இல்லாமல் பிரியாணி பரிமாறினால் ஆம்பூர்க்காரர் அதைப் பாதிச் சாப்பாடு என்பார்.

திண்டுக்கல்லில் கதையே வேறு. அங்கே நவாபும் இல்லை, அரண்மனையும் இல்லை. 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்ற பெயரில் ஒரு கடை தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால் வாடிக்கையாளர்கள் அதைத் தலப்பாக்கட்டிக் கடை ஆக்கிவிட்டார்கள். அந்தக் கடை தனியாக முளைக்கவில்லை. திண்டுக்கல், பழனி வட்டாரத்தில் ராவுத்தர் வீடுகளின் பிரியாணிக்கும் நீண்ட பழக்கம் உண்டு. பூட்டும் புகையிலையும் வெங்காயமும் கைமாறும் வியாபார ஊர் அது. சந்தைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

இங்கே எல்லாம் ஒரே பாத்திரம். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, தயிர், கடைசியில் எலுமிச்சை. கறி வெந்த சாற்றோடு அளவுத் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, சீரகச் சம்பாவை அதிலேயே போடுகிறார்கள். கஞ்சி எங்கேயும் போவதில்லை. கசிந்த மாவு, எலும்பிலிருந்து இறங்கிய சாறு, கொழுப்பு எல்லாம் திரும்பப் பருக்கைக்குள்ளேயே போகின்றன. அதனால் திண்டுக்கல் பிரியாணியைக் கையால் எடுத்தால் லேசாக ஒட்டும், பருக்கை ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில் இருக்கும். கறியை விலக்கி வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் தின்றாலும் கறி ருசி தெரியும். என் ஓட்டு இதற்குத்தான். ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்கட்டும்.

வற்ற வைப்பதில் திரும்பிப் போக வழியில்லை. வடிப்பவர் அரிசி வெந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்தலாம். இவரோ அரிசி போடுவதற்கு முன்பே தண்ணீரையும் உப்பையும் முடிவு செய்தாக வேண்டும். கொதிக்கும் சாற்றைக் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள். அப்போது உப்பு கொஞ்சம் கரிக்க வேண்டும். உள்ளே போகப்போகும் அரிசிக்கு உப்பே கிடையாது, சாற்றில் இருப்பதைத்தான் அது பங்கு போட்டுக்கொள்ளும். அந்தச் சமயத்தில் உப்பு சரியாக இருந்தால், இலையில் சப்பென்றிருக்கும்.

இரண்டு ஊர்களும் நம்புவது சீரகச் சம்பாவை. சீரகம் போலச் சிறுத்த அரிசி. பாஸ்மதி வெந்தால் ஏறக்குறைய இரு மடங்கு நீளும், சம்பா நீளாது, உருண்டு திரளும். வாசனையில் இரண்டும் உறவுக்காரர்கள். வாசனை அரிசிகளின் மணத்துக்கு முக்கியக் காரணமாக வேதியியலாளர்கள் சொல்வது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற சேர்மத்தை. இலங்கையில் நெய்ச்சோற்றிலும் புரியாணியிலும் போடும் ரம்பை இலைக்கு மணம் தருவதும் அதே சேர்மம்தான். அரிசி பழசாக இருக்க வேண்டும் என்று மாஸ்டர்கள் பிடிவாதம் பிடிப்பதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. ஒரு வருஷமாவது கிடந்த அரிசியில் பருக்கை இறுகியிருக்கும், அதிகத் தண்ணீர் குடிக்கும், குழையாது. புது அரிசியை எந்தப் பக்குவமும் காப்பாற்றாது.

கறியின் கணக்கு அரிசியின் கணக்குக்கு நேர் எதிரானது. அரிசிக்கு நிமிஷங்கள் போதும், ஆட்டுக்கறிக்கு நேரம் வேண்டும். தசைகளைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் 70 பாகைக்கு மேல் ஈரச் சூட்டில் மெல்ல மெல்லத்தான் கரைந்து வழவழப்பான ஜெலட்டினாக மாறும். அதனால்தான் எலும்போடு கூடிய முன்னங்கால், நெஞ்சுக் கறிக்கு மவுசு. ஓடி மேய்ந்த ஆட்டில் கொலாஜன் அதிகம், ருசியும் அதிகம், வேகத்தான் நேரமாகும். கன்னிவாடிச் சந்தை ஆடு, பரமத்திச் சந்தை ஆடு என்று திண்டுக்கல் கடைக்காரர்கள் பெயர் சொல்லிப் பெருமைப்படுவது இதற்காகத்தான்.

ஹைதராபாத்தின் கச்சி பிரியாணி இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே மூடிக்குள் தைரியமாகப் பூட்டுகிறது. தயிரிலும் மசாலாவிலும் ஊறிய பச்சைக் கறி அடியில், பாதி வெந்த அரிசி மேலே. மூடியைச் சுற்றிக் கோதுமை மாவு பூசியபின் திறந்து பார்க்கவும் முடியாது. கறியும் அரிசியும் ஒரே நேரத்தில் வெந்தாக வேண்டும். கறியை முந்தவைக்கப் பப்பாளிக் காயை அரைத்துத் தடவுகிறார்கள். அதிலுள்ள பப்பாயின் என்ற நொதி புரதங்களை வெட்டும். கூடுதலாகத் தடவினால் கறி நார் நாராகாமல் கூழாகிவிடும். கொல்கத்தா இன்னொரு வழியில் போனது. ஆங்கிலேயர்கள் அவத் ராஜ்ஜியத்தைப் பறித்துக்கொண்ட 1856ஆம் ஆண்டில் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தா வந்து மெட்டியாபுருஸில் தங்கினார். அவரோடு வந்த லக்னோ சமையலில் உருளைக்கிழங்கு சேர்ந்துகொண்டது. கறி வாங்கக் காசில்லாமல் போட்டார்கள் என்று ஒரு கதை, உருளை அன்று புதுமையான பண்டம் என்பதால் போட்டார்கள் என்று அவர் வழிவந்தவர்கள் சொல்லும் கதை ஒன்று. எது சரியோ, கறிச்சாற்றில் ஊறிய அந்த உருளை இல்லாவிட்டால் கொல்கத்தாக்காரர் இன்று தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

எந்த ஊரானாலும் கடைசியில் தம் உண்டு. தம் என்றால் பிரஷர் குக்கர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். மாவு பூசிய மூடியோ, கனத்துக்காக மேலே வைத்த பாத்திரமோ அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது. உள்ளே சூடு 100 பாகையை ஒட்டியே இருக்கும். தம்மின் பயன் ஈரத்தைச் சமமாகப் பங்கிடுவதுதான். அடியிலிருந்து எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டினால் மேல் அரிசி சொதசொதத்துவிடும். அதைத் தடுக்கவே மூடியின் மேல் கரி நெருப்பைப் பரப்புகிறார்கள். மேலும் கீழும் ஒரே சூடு இருந்தால் ஆவி பருக்கைக்குள்தான் போக வேண்டும். வாசனையும் வெளியே ஓட வழியில்லாமல் நெய்யில் கரைந்து தங்கிவிடுகிறது. விறகடுப்பு பிரியாணி என்று பலகை வைக்கும் கடைகளில் புகை வாசனையைவிட இந்தக் கரி நெருப்புக்குத்தான் காசு கொடுக்கலாம்.

தமிழ் முஸ்லிம்கள் எல்லோர் வீட்டு விருந்தும் பிரியாணிதான் என்று எண்ணிவிடக் கூடாது. காயல்பட்டினத்தில் கல்யாணச் சாப்பாடு என்றால் நெய்ச்சோறும் களரிக் கறியும் கத்திரிக்காய் மாங்காயும் புளியாணமும். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் சேர்ந்து உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சோறும் கறியும் தனித்தனியாக வெந்து தட்டில்தான் சந்திக்கின்றன. கடல் வழியாக அரபு நாடுகளோடு உறவாடிய ஊருக்கு ஆற்காட்டு அரண்மனையின் தயவு தேவைப்படவில்லை.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: பாஸ்மதி என்றால் வடித்துவிடுங்கள், அதன் நீளம் அப்போதுதான் காணக் கிடைக்கும். சீரகச் சம்பாவை வடிப்பது கை தேறியவர்கள் வேலை, ஒரு நிமிஷம் அசந்தால் பதம் தாண்டிவிடும். அதை வற்ற வையுங்கள். அரை மணி நேரம் ஊறிய ஒரு கப் சம்பாவுக்குக் கறிச்சாற்றையும் சேர்த்து ஒன்றரையிலிருந்து ஒன்றேமுக்கால் கப் போதும். சாறு உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துவிட்டு அரிசியைப் போடுங்கள். அடுப்பை அணைத்தபின் இருபது நிமிஷம் யாரையும் மூடியைத் திறக்க விடாதீர்கள்.