வீடா, சானடோரியமா? ஓர் ஆய்வு பிறந்த கதை

“ஓர் ஆராய்ச்சியில் பங்கேற்கச் சம்மதமா?” என்று மருத்துவர் கேட்டால், நம்மை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பே. மருத்துவ ஆராய்ச்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிய, 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைப் பார்க்கலாம்.

அக்காலத்தில் காசநோயாளிகள் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் கருத்து. தூய காற்றும் ஓய்வும் சத்துணவும் இன்றியமையாதவை எனக் கருதப்பட்டன. (தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் அந்நாட்களின் எச்சமே.) நோயாளிகளோ பல இலட்சம், படுக்கைகள் மிகச் சில. ஐசோநியாசிட் போன்ற மருந்துகள் அப்போதுதான் வந்திருந்தன. அவற்றை வீட்டிலிருந்தபடியே உட்கொண்டால் போதாதா? ஆய்வின் வித்து இந்தக் கேள்விதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. நகரின் ஏழை நோயாளிகள் 200 பேருக்குச் சற்றுக் குறைவானோர் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை; குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. மருத்துவரிடம் விட்டிருந்தால், மனிதர்தானே, மெலிந்தவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு ஒப்பீட்டுக்குப் பொருளே இராது. மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே.

ஓராண்டு முடிவில், நோய் தணிந்து சளியில் கிருமி இல்லாதிருந்தோர் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். நெரிசலான வீடும் குறைவான உணவும் இருந்தும் மருந்து வேலை செய்தது. சானடோரியத்தில் இருந்தோரின் உடல் எடை கூடுதலாக ஏறியதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினர். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், எவரும் சரிபார்க்கும்படி, எண்களும் முறைகளும் விரிவாக வெளிவந்தன.

“வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே?” என்ற கேள்வி மிஞ்சியது. நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்தனர். வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு நோய் அதிகமாகவில்லை என்பது தெரியவந்தது.

இன்று இத்தகைய ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதமும் கட்டாயம். மறுக்கலாம், இடையில் விலகலாம், அதனால் உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சை நிற்காது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று குடும்பத்தாருடன் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.